மைனருக்கு நாங்கள் செய்த மரியாதை

மலாயாவில் எங்கள் ஊரான காஜா பேராங்கில் வயதே ஆகாத ஒரே மனிதர் சலவைக்கடை மைனர்தான். ஜப்பான்காரன் வந்த பிறகு எங்களுக்கெல்லாம் மாதத்துக்கு ஒரு வயது கூடியது. மைனர் மட்டும் முப்பத்தெட்டிலேயே நின்றார். என் அப்பா டவுசர் போட்ட காலத்திலேயே அவர் மீசை முறுக்கிக்கொண்டு திரிந்தவராம்.

சாயம் கிடைக்காத காலம். விளக்குக் கரியைத் தேங்காயெண்ணெயில் குழைத்துத் தலையில் பூசிக்கொள்வார். வெளுக்கப் போட்ட சட்டை கரியோடு திரும்பி வரும். யாரும் வாய் திறப்பதில்லை. "பெரியவரே" என்று தெரியாமல் கூப்பிட்ட ஒருவருடைய வேட்டியை இஸ்திரிப் பெட்டியால் தீய்த்தே கொடுத்தவர்.

எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். மூத்தவர்களை மதிக்கவேண்டும் என்று புத்தகத்தில் படித்ததை வீணாக்காமல் தினமும் அவருக்கு "வணக்கம் ஐயா" சொல்வேன்.

"படிச்சவன்னா கண்ணு தெரியாதா? அண்ணேன்னு கூப்பிடு" என்பார்.

ஒருநாள் சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடிக்கும் லாரி எங்கள் தெருவில் வந்து நின்றது. ஜப்பான்காரன் ஆபீஸில் வேலை என்று காட்டும் கைப்பட்டை இருந்ததால் நான் தப்பித்தேன். கருகருவென்ற தலையையும் மடிப்புக் கலையாத சட்டையையும் பார்த்த சிப்பாய் மைனரை விரலால் அழைத்தான். நாங்கள் போட்டது போட்டபடி தெருவுக்கு ஓடினோம். மைனருக்கோ பூரிப்பு.

"பாத்தியா தம்பி, ஜப்பான்காரனுக்குக் கண்ணு இருக்கு" என்று சீப்பை எடுத்து வாரிக்கொண்டே லாரியை நோக்கி நடந்தார். சயாமுக்குப் போனவர் யாரும் திரும்பி வரவில்லை என்பது வாரும்போது அவருக்கு ஞாபகம் வரவில்லை.

மீன்காரர் மாட் பாய்ந்து வந்து, அவர் கையைப் பற்றி மூக்கில் ஒற்றி, "தோக்" என்றார். மலாயில் தாத்தா. மைனர் கையை உதறினார். காப்பிக்கடைச் சீனர் இரண்டு கையாலும் தேநீர்க் கோப்பையை ஏந்தி, "ஆ கோங்" என்று குனிந்தார். அதுவும் தாத்தாதான். நான் நடுரோட்டில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து இரண்டு காலையும் பிடித்துக்கொண்டேன். பக்தியால் அல்ல, விட்டால் ஏறிவிடுவார்.

"யாருடா தாத்தா, எனக்கு முப்பத்து..." என்று திறந்த வாயில் சீனர் தேநீரைச் சாய்த்தார். புரையேறி இருமிய இருமலில் அவருடைய அறுபது வயதும் வெளியே வந்துவிட்டது.

சிப்பாய் இடுப்புவரை குனிந்து அவரை வணங்கினான். மூத்தவர்களை மதிக்கத் தெரிந்த பையன். பிறகு அடுத்த தெருவுக்குப் போய், தாத்தா ஆகத் தெரியாதவர்களை ஏற்றிக்கொண்டான்.

அதன் பிறகு மைனர் எங்களோடு பேசவில்லை. என் சட்டைகள் மட்டும் காலர் தீய்ந்து வந்தன.

போன மாதம் இறந்துபோனார். படுத்திருந்த நாட்களில் பூசாததால் தலை பஞ்சாக வெளுத்திருந்தது. எடுப்பதற்கு முன் சீனர் விளக்குக் கரி கொண்டுவந்தார். மாட் எண்ணெய் ஊற்றினார். நான் குழைத்துப் பூசி, வகிடெடுத்து வாரிவிட்டேன்.

"போய்ட்டு வாங்கண்ணே" என்றேன்.