பாம்புச்செவியும் பச்சை ஒயரும்

ங்ங்ங்ங்ங்ங்...

ஒரு காட்டில் அன்றைக்குச் சூரியனுக்கு முன்னால் இந்தச் சத்தம் உதித்துவிட்டது. மரம் தெரியவில்லை, பாதை தெரியவில்லை. பனிக்குள்ளிருந்து ங்ங்ங் மட்டும் வந்துகொண்டிருந்தது. கொசு என்று காதைத் தட்டிக்கொண்டவர்கள் சிலர். மாவு மில் வந்துவிட்டது என்று அரிசியை ஊறப்போட்டவர்கள் சிலர். பனி விலகியபோதுதான் தெரிந்தது, சத்தம் செங்கமலத்தம்மாவின் பாட்டு மண்டபத்திலிருந்து வருகிறது.

செங்கமலத்தம்மா யானை. முப்பது வருஷம் கோயிலில் வேலை பார்த்தவர். தினமும் காதோரம் நாயனம், திருவிழாவுக்குத் திருவிழா அதிர்வேட்டு. காடே பொறாமைப்படும் அளவு பெரிய காது. அதில் எதுவும் விழுவதில்லை என்பது வேறு விஷயம். ஓய்வு பெற்ற பிறகாவது நல்ல இசை கேட்போமே என்று நரி நவநீதனிடம் சொல்லிவைத்தார். அவன் கடல் தாண்டி வந்த ஆம்ப்ளிஃபயர் ஒன்றையும், யானை உயரத்தில் இரண்டு ஸ்பீக்கர்களையும் கொண்டுவந்து இறக்கிவிட்டான்.

மண்டபத்துக்கு அடியில் வளையில் குடியிருந்தவன் பெருச்சாளி மாசிலாமணி. காட்டுக்குக் கரண்ட் வந்த நாளிலிருந்து ஒயர் வேலை அவனுடையது. பள்ளிக்கூடம் போனதில்லை. வன அலுவலகக் குப்பையில் கிடந்த ரேடியோக்களைப் பிரித்து, திரும்பப் பூட்டி, மிச்சம் விழுந்த திருகாணிகளை வெகுநேரம் வெறித்துப் பார்த்துக் கற்றுக்கொண்ட தொழில். அன்று காலையும் வழக்கம்போல மண்டபத்தின் எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். குழியில் கரியும் உப்பும் போட்டுக் கம்பி இறக்கி, தினம் ஒரு குடம் தண்ணீர் விட்டால்தான் எர்த் பிடிக்கும். பெட்டியைத் தொட்டால் ஷாக் அடிக்காது. அந்த ஒரு குடத்துக்காக இதுவரை யாரும் அவனுக்கு வணக்கம் சொன்னதில்லை.

அரைக்குடம் ஊற்றியிருப்பான்.

"டேய் மாசிலாமணி! ஒயரைக் கடிச்சியாடா?" நவநீதன் வாலை விறைத்துக்கொண்டு நின்றான்.

"இல்லீங்கண்ணே."

"நீ கடிக்காம, புலியா வந்து கடிச்சிட்டுப் போகும்?"

"என்னப்பா சொல்றான் அவன்?" என்றார் செங்கமலத்தம்மா.

"கடிச்சுட்டேன்னு ஒத்துக்கிறான்மா!"

"ஐயோ அம்மா, நான் அப்படிச் சொல்லவே இல்லீங்க!"

"ஒத்துக்கிட்டானா? பாவம். நல்ல மனசு."

நவநீதன் ஒரு படிவத்தை நீட்டினான். 'ஒலிக்குறை ஏற்படக் காரணமானவர்' என்ற இடத்தில் மாசிலாமணியின் பெயர் அச்சிலேயே இருந்தது. "நாளைக்குக் காலையில பாம்புச்செவி பரந்தாமன் ஐயா கேட்டுப் பார்க்க வர்றாரு. அவரு மட்டும் சீறினாருன்னா, உன் வளைக்குச் சிமெண்ட்டுதான். அம்மாகிட்ட சொல்லியாச்சு."

மாசிலாமணி திரும்பி வளையைப் பார்த்தான். வளைக்குள் ஏழு குட்டிகள். இன்னும் கண் திறக்கவில்லை. தூக்கிக்கொண்டு ஓடவும் வழியில்லை.

பரந்தாமன் யாரென்று சொல்ல வேண்டும். அவர் நல்லபாம்பு. அந்தக் காட்டில் எந்தப் பாட்டுப் பெட்டியும் அவர் கேட்டுச் சொன்னால்தான் பெட்டி, இல்லாவிட்டால் பலகை. கூர்மையான காதுக்குப் பாம்புச்செவி என்று பேர் வைத்துவிட்டார்கள். பாம்புக்குக் காது எந்தப் பக்கம் இருக்கிறது என்று ஒரு தடவை பார்த்துவிட்டு வைத்திருக்கலாம். தாத்தாவும் அப்பாவும் மகுடிக்கு ஆடியவர்கள் என்பதால் 'மூன்று தலைமுறை இசைக் குடும்பம்' என்று போட்டுக்கொள்வார். அவர்கள் ஊதுகிறவன் கையைப் பார்த்து ஆடினார்கள் என்பது குடும்பத்தோடு நின்றுபோன செய்தி. பெட்டி பிரமாதம் என்றால் முழுப் படம் எடுப்பார். சுமார் என்றால் அரைப் படம். பிடிக்கவில்லை என்றால் சீறல். அவர் கழற்றிப் போடும் சட்டையைத்தான் நவநீதன் ஒயருக்கு உறையாக மாட்டி 'பாம்புச்சட்டை கேபிள்' என்று விற்றுக்கொண்டிருந்தான். அந்தக் கேபிளில் வயலின் வழுக்கிக்கொண்டு வருகிறது என்று எழுதியவரும் பரந்தாமன்தான். நடுநிலை என்றால் அப்படி ஒரு நடுநிலை.

மாசிலாமணி தன் பழைய மீட்டரை எடுத்துக்கொண்டு மண்டபத்துக்குள் போனான். ஒயர் ஒயராக மோந்தான். எங்கும் பல் பட்ட தடம் இல்லை. கடைசியில் பிளக்கைக் கழற்றினான். உள்ளே சிவப்பு இருந்தது, கறுப்பு இருந்தது. எர்த்துக்கான பச்சை ஒயரை யாரோ வெட்டி, அழகாக மடித்து, டேப் சுற்றி வைத்திருந்தார்கள்.

"அண்ணே, பச்சையை யாரு வெட்டினது?"

"நான்தான். எர்த் கொடுத்தா இசை பூரா மண்ணுக்குள்ள இறங்கிடும்டா! கடல் தாண்டி வந்த இசை. அதை உன் உப்புக் குழியில விடச் சொல்றியா?"

மாசிலாமணி பிளக்கைக் கீழே வைத்தான். நவநீதன் சாப்பிடப் போகும்வரை காத்திருந்து, பச்சை ஒயரை நீட்டி, திருகாணியை முடுக்கினான்.

ங்ங்ங் நின்றுபோனது. மீட்டர் முள் பூஜ்யத்தில் போய்ப் படுத்தது. அதுவரை கேட்காத எதிர்க்கரைக் குயில் கேட்டது. ஒன்றுமே இல்லாத அந்தச் சத்தத்தை அவன் கண் கலங்கக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிறகு ஒரு தேக்கிலையைப் பறித்து, முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு என்று நம்பர்களைப் பல்லால் கீறி வைத்தான். வளை தப்பித்தது என்று நினைத்தான். பாவம், படிக்காதவன்.

மறுநாள் காலை பரந்தாமன் வந்தார். காடே கூடியிருந்தது. தரையில் வயிறு படிய நீட்டிப் படுத்தார். அவர் கண்ணை மூடி லயித்தார் என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள். பாம்புக்கு இமையே கிடையாது.

நவநீதன் வீணை போட்டான். மண்டபம் முழுக்க ஒவ்வொரு மீட்டலும் பனித்துளிபோலத் தெளிவாக விழுந்தது. மான்கள் மெல்லுவதை நிறுத்தின.

கொஞ்ச நேரம் போனது. "ம், ஆரம்பிங்க" என்றார் பரந்தாமன்.

"ஆரம்பிச்சு அஞ்சு நிமிஷம் ஆச்சுங்கய்யா."

பரந்தாமன் நாக்கை ஒரு தடவை நீட்டி இழுத்துக்கொண்டார். பிறகு, "தெரியும். தெரிஞ்சுதான் கேட்டேன்" என்றார். "உடம்பு இருக்கு. உயிர் இல்லை." சொல்லிவிட்டுச் சீறினார்.

"நேத்து வரைக்கும் இருந்துச்சுங்கய்யா!" என்று அலறினான் நவநீதன். "இந்தப் பெருச்சாளிதான் ராவோட ராவா எடுத்துட்டான்!"

"ஐயா, இதைக் கொஞ்சம் பாருங்க." மாசிலாமணி தேக்கிலையை நீட்டினான். "இரைச்சல் சுத்தமா பூஜ்யம். மீட்டர்ல அளந்துட்டேன்."

"அளந்தியா?" பரந்தாமனின் நாக்கு இரண்டாகப் பிரிந்து ஆடியது. "உங்கம்மா பாடின தாலாட்டு எத்தனை வோல்ட்டுன்னு அளந்து வெச்சிருக்கியாடா?"

கூட்டம் கைதட்டியது. குரங்குகள் விசிலடித்தன.

"என்னப்பா சொல்றாரு?" என்றார் செங்கமலத்தம்மா.

"உயிரைக் காணோமாம்மா!"

"அடடா. யாரு செத்தது?"

நவநீதன் அங்கேயே சிமெண்ட் குழைக்க ஆரம்பித்தான். தண்ணீருக்கு மாசிலாமணியின் குடத்தையே எடுத்துக்கொண்டான். மாசிலாமணி வளை வாசலில் குறுக்கே நின்றான். உள்ளே குட்டிகள் கீச்சிட்டன. அப்போது, செத்தது யாரென்று பார்க்கச் செங்கமலத்தம்மா ஒரு அடி எடுத்து வைத்தார். தொம். தரை அதிர்ந்தது. படுத்திருந்த பரந்தாமனின் கழுத்து விரிந்து அரைப் படம் எழுந்தது; அதிர்வு அடங்கியதும் சுருங்கிவிட்டது.

யாரும் கவனிக்கவில்லை. மாசிலாமணி கவனித்தான். இந்த மனுஷனுக்குக் காது வயிற்றில் அல்லவா இருக்கிறது!

கையிலிருந்த தேக்கிலையைப் பார்த்தான். சிமெண்டைப் பார்த்தான். யாருக்கும் தெரியாமல் மண்டபத்துக்குள் நுழைந்து பிளக்கைப் பிடுங்கினான். பச்சை ஒயரை ஒரே கடி. வாழ்க்கையில் அவன் கடித்த முதல் ஒயர் அதுதான். பிளக்கைத் திரும்பச் செருகினான்.

ங்ங்ங்ங்ங்ங்...

மண்டபம் நடுங்கியது. பரந்தாமன் அரைப் படம் எடுத்தார். முழுப் படம் எடுத்தார். அதற்கு மேல் விரிய இடமில்லாமல் தலை பின்னால் சாய்ந்தது.

"இதோ! வந்துடுச்சு! என்ன ஆழம்! பூமியோட ஆதார சுருதியே கேட்குதய்யா!"

செங்கமலத்தம்மா ஆவலோடு தும்பிக்கையைப் பெட்டிமேல் வைத்தார். சுளீர். "ஐயோ, உடம்பெல்லாம் சிலிர்க்குதுப்பா!" என்றார் கண்ணீரோடு. "முப்பது வருஷம் நாயனம் கேட்டேன். ஒரு நாளும் இப்படி இழுத்ததில்லை."

குழைத்த சிமெண்டில் பரந்தாமனுக்கு ஒரு மேடை கட்டினார்கள். படிவத்தில் 'ஒலிக்குறை' என்பதை அடித்துவிட்டு 'ஒலிச்சிறப்பு' என்று எழுதினான் நவநீதன். காரணமானவர் பெயரையும் அடித்துவிட்டுத் தன் பெயரை எழுதிக்கொண்டான்.

மாசிலாமணிக்கு வளை மிஞ்சியது. கூடவே வேலையும் குவிந்தது. கரடி கூப்பிட்டது, மயில் கூப்பிட்டது. எல்லோர் வீட்டிலும் பச்சை ஒயரைக் கடிக்கச் சொன்னார்கள். வார முடிவில் காடு முழுக்க ஒரே ங்ங்ங். பெட்டியைத் தொட்டுவிட்டு மரத்திலிருந்து விழுந்த குரங்கு, பரவசத்தில் விழுந்ததாகப் பரந்தாமன் எழுதினார். குயில் எப்போது வாயை மூடிக்கொண்டது என்று யாருக்கும் நினைவில்லை.

நம்பர் கீறிய தேக்கிலையை மாசிலாமணி குட்டிகளுக்கு அடியில் விரித்துவிட்டான். ஏழும் கண் திறந்தாயிற்று. ங்ங்ங் இல்லாவிட்டால் அவற்றுக்குத் தூக்கம் வருவதில்லை.

காலையில் அவன் குடத்தை எடுத்தான். விளிம்பில் காய்ந்திருந்த சிமெண்டைச் சுரண்டினான். ஓடையில் மொண்டு வந்து, எந்த ஒயரும் வந்து சேராத அந்த எர்த் குழிக்கு மெதுவாகத் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தான்.

நீதி: இரைச்சல் என்று புகார் வந்தால் சரிசெய்யப் போகாதீர்கள், அதற்கு நல்ல பேராக ஒன்று வையுங்கள். பெட்டியைத் தொடும்போது மட்டும் ரப்பர் செருப்புப் போட்டுக்கொள்ளுங்கள்.