கனம் குறைந்த சப்

உலகத்தில் இதுவரை கூடிய குழுக்களில் மகத்தானது எது என்று யாராவது கேட்டால் தயங்காமல் சொல்லலாம்: ஒரு வீட்டின் முன்னறையில், கொடியில் காயும் துணிகளுக்கு அடியில் கூடிய 'சப்ஊஃபர் தேர்வு உயர்நிலைக் குழு'. உறுப்பினர்கள் இரண்டு பேர். தலைவர், மச்சான். மற்றவர், இடுப்பு போன டிஜே.

கல்யாணம், பிறந்தநாள், ஆபீஸ் விழா என்று எங்கே கூப்பிட்டாலும் வேனில் சாமானை ஏற்றிக்கொண்டு போய்ப் பாட்டுப் போடுவது டிஜேவின் தொழில். பாட்டின் 'தும் தும்' அடி முழுக்க சப்ஊஃபர் என்ற பெட்டியிலிருந்து வருகிறது. தொழில்காரர்களுக்குச் சுருக்கமாக 'சப்'. டிஜேவிடம் இருந்த சப் முப்பத்தெட்டு கிலோ. வீட்டில் அதற்குப் பெயர் 'பெரியவர்'. பெரியவரைப் பத்து வருஷம் மாடி மாடியாகச் சுமந்ததில், போன மாதம் டிஜேவின் இடுப்பு 'டக்' என்றது. மூன்று வாரம் தரையில் படுத்து மின்விசிறியின் இறக்கைகளை எண்ணினார். மூன்றுதான் இருந்தன.

எழுந்து உட்கார்ந்த அன்று டாக்டர் சீட்டு கொடுத்தார். பேசுவதுபோலவே எழுதுகிற டாக்டர்: 'இருபது கிலோவுக்கு மேல தனியா தூக்கக் கூடாது. மீறினா தொழில மறந்துட வேண்டியதுதான்.'

வரும் ஞாயிற்றுக்கிழமையோ ஒரு கம்பெனியின் ஆண்டு விழா. முதல் மாடி ஹால், லிஃப்ட் கிடையாது. மேனேஜர் போனிலேயே எச்சரித்திருந்தார்.

"போன வருஷம் வந்தவர் எல்லாத்தையும் சப்புன்னு ஆக்கிட்டுப் போயிட்டார். எங்களுக்கு சப் வேணும் சார், சப்புன்னு வேணாம்."

இடுப்பும் தப்ப வேண்டும், அடியும் அதிர வேண்டும். ஆகவே குழு கூடியது.

கனத்தைக் குறைக்கும் கூட்டத்துக்குக் கனம் மச்சான் அவர்களே தலைமை. டிஜே மனைவியின் அண்ணன். பத்து வருஷமாகத் 'தலைமைத் தொழில்நுட்ப ஆலோசகர்'. எந்த விழாவுக்கும் முதல் ஆளாக வந்துவிடுவார். வேன் கதவைத் திறக்கும்போது அவருக்கு ஒரு முக்கியமான போன் வரும். கடைசிப் பெட்டி மேலே போய்ச் சேர்ந்ததும் போன் முடியும். அப்படியொரு நேரந்தவறாமை வேறு யாருக்கும் வாய்க்காது.

மச்சான் டாக்டர் சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார்.

"இதென்ன மாப்ள, நடுவுல 'தனியா'ன்னு இருக்கு?"

"நானும் பாத்தேன் மச்சான். டாக்டர ஒரு வார்த்தை கேட்டுடலாமா?"

"தனியான்னா மல்லி. நாம என்ன மளிகைக்கடையா நடத்தறோம்? வேற யாருக்கோ எழுத வேண்டியது கைதவறி இங்க விழுந்திருக்கு."

சிவப்பு மையால் அந்த ஒரு சொல்லை மட்டும் அடித்தார். 'திருத்தப்பட்ட மருத்துவ ஆணை' ஏகமனதாக நிறைவேறியது.

"சப்ப வாங்கறது இருக்கட்டும். தூக்கறது யாருன்னு முதல்ல பேசுங்க," என்று சமையலறையிலிருந்து டிஜேவின் மனைவி குரல் கொடுத்தாள். வேன் ஓட்டுவதும் வயர் சுற்றுவதும் விளக்கு மாட்டுவதும் அவள்தான்.

"உறுப்பினர் அல்லாதவங்க கருத்து குறிப்புல ஏறாதும்மா," என்றார் தலைவர்.

மறுநாள் குழு கடைக்குக் கிளம்பியது. மச்சான் வீட்டிலிருந்து எடை பார்க்கும் மிஷினைக் கொண்டுவந்திருந்தார். வழியெல்லாம் அதைச் சுமந்தவர் டிஜே. கடையில் ஒலியைக் கேட்டுப் பார்க்கும் அறையில் ஆறு சப்கள் வரிசையாக நின்றன. விற்பனையாளர் பாட்டைப் போட்டுவிட்டு வாயைத் திறந்தார். மச்சான் கையைக் காட்டினார்.

"தம்பி, விதி ஒண்ணு: விக்கறவங்க குறுக்க பேசக் கூடாது. மனசு சாஞ்சிடும்."

பிறகு நடந்தது 'நெஞ்சுச் சோதனை'. மச்சான் கண்களை மூடி ஒவ்வொரு பெட்டியையும் கட்டிப்பிடித்து ஒரு நிமிஷம் நின்றார். மதிப்பெண் சொன்னார். டிஜே எழுதினார். அடுத்து ஒவ்வொன்றும் மிஷினில் ஏறியது. முப்பது. இருபத்தெட்டு. இருபத்தைந்து. குழுவின் முகம் வாடியது. கடைசியாக மூலையில், முழங்கிக்கொண்டிருந்த பெரிய சப் ஒன்றை ஒட்டி நின்ற அழகான கறுப்புப் பெட்டி. மச்சான் அதைக் கட்டிப்பிடித்ததும் உடம்பே அதிர்ந்தது.

"மாப்ள, நெஞ்சுக்குள்ள யாரோ கதவத் தட்டறாங்க. பத்துக்குப் பத்து."

மிஷின் ஆறு கிலோ காட்டியது.

"சார், அது வந்து..." என்றார் விற்பனையாளர்.

"விதி ஒண்ணு."

"இல்ல சார், அது காட்சிக்கு..."

"காட்சிக்கு நல்லாத்தான் இருக்கு. எங்களுக்கும் கண்ணு இருக்கு தம்பி."

டிஜே பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மச்சான், வயர் எங்க சொருகறது? ஓட்டையே காணோமே."

மச்சான் இரக்கத்தோடு சிரித்தார். "வயர்லெஸ் மாப்ள. நீங்க பத்து வருஷம் பின்னாடி இருக்கீங்க."

விற்பனையாளர் கடைசியாக ஒருமுறை முதலாளி இருந்த பக்கம் பார்த்தார். முதலாளி கேட்டதைக் கொடுக்கும்படி தலையசைத்தார். விஞ்ஞானம் வென்றது.

ஞாயிற்றுக்கிழமை டிஜே புது சப்பை ஒரு கையில் தூக்கிக்கொண்டு விசிலடித்தபடி மாடி ஏறினார். மச்சான் போனில் இருந்தார். பெரியவரும் வந்திருந்தார், வேனில். "இருக்கட்டும், யாரும் இறக்க வேணாம்," என்று மனைவிதான், பக்கத்து வீட்டுக்காரியை ஒரு பக்கம் பிடிக்கச் சொல்லி ஏற்றியிருந்தாள்.

விழா தொடங்கியது. முதல் பாட்டு. மேலே இருந்த ஸ்பீக்கர்கள் கொசுபோல் ரீங்காரமிட்டன. கீழே அழகான கறுப்புப் பெட்டி அழகாக நின்றது. ஆடத் தயாராக வந்த கணக்குப் பிரிவினர் கைகளைக் கட்டிக்கொண்டார்கள். மேனேஜர் அருகே வந்தார்.

"சார், சப்புன்னு இருக்கே."

டிஜேவுக்கு வியர்த்தது. இந்த விழாவும் போனால் அடுத்து யார் கூப்பிடுவார்கள்?

"ஹாலுக்கும் சப்புக்கும் இன்னும் பழக்கம் வரல," என்றார் மச்சான். "வயர்லெஸ் தானா கண்டுபிடிச்சுக்கும். பத்து நிமிஷம் குடுங்க."

மனைவி திருப்புளியால் பெட்டியின் பின்பலகையைக் கழற்றினாள். உள்ளே ஸ்பீக்கர் இல்லை. ஒரு தெர்மாகோல் துண்டு இருந்தது. அதன்மேல் பசைத்தாளில் அச்சடித்த பெரிய எழுத்து: 'காட்சிக்கு மட்டும்'.

"அதான் லேசா இருந்துச்சு," என்றார் டிஜே மெதுவாக.

அவள் கைப்பையிலிருந்து டாக்டர் சீட்டை எடுத்து, சிவப்பு மைக்கு அடியில் இருந்ததைப் படித்தாள்.

"இதுல தனியான்னு போட்டிருக்கே. யாருங்க அடிச்சது?"

"அது மல்லி..." என்று தொடங்கிய டிஜே, பாதியில் நின்றார். பத்து வருஷத்து மாடிப்படிகள் எல்லாம் அவர் கண்முன்னே ஏறி இறங்கின. "தனியா," என்றார். "ஒத்தையாளா."

"முப்பத்தெட்ட ரெண்டால வகுங்க."

"பத்தொம்போது."

"அண்ணா, வேனுக்கு வா. ஒரு பக்கம் நீ பிடி."

மச்சானின் போன் அடித்தது. அடிக்காமலே எடுத்தார் என்றும் சிலர் சொல்கிறார்கள்.

கடைசியில் அவளும் டிஜேவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். இரண்டு திருப்பம், இருபத்திரண்டு படி. டிஜேவின் இடுப்பு 'டக்' என்று சொல்லவில்லை. பெரியவர் வந்து உட்கார்ந்து முதல் அடி அடித்ததும் ஜன்னல் கண்ணாடிகள் பதில் சொல்லின. கணக்குப் பிரிவு மொத்தமாக மேடை முன் இறங்கியது. மேனேஜர் கழுத்துப்பட்டையை அவிழ்த்தார்.

போன் முடிந்தது. மச்சான் உள்ளே வந்து நெஞ்சில் கைவைத்துக் கண்களை மூடினார். "பாத்தீங்களா மாப்ள? சப் எங்க வைக்கணும்னு நான் காட்டின இடம்தான்."

தங்கை பின்னால் வந்து அண்ணன் முதுகில் 'சப்' என்று ஒன்று வைத்தாள். பாராட்டுத்தான் என்று நினைத்து அவர் இன்னும் நிமிர்ந்து நின்றார். தெர்மாகோலிலிருந்து உரித்த பசைத்தாள் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் ஒட்டிக்கொண்டது. எதையும் தூக்கக் குனிந்தறியாத முதுகு அல்லவா?