எட்டு கிராம் வரி

காலை ஏழு மணிக்கே இஸ்திரிச் சாமியின் மாடிப்படியில் கூட்டம் நெரிந்தது. எல்லோரும் வெளிநாட்டில் இருக்கும் வீட்டை விற்கப் போகிறவர்கள். ஓய்வுபெற்ற எஞ்சினியர், வங்கி மேலாளர், பல் டாக்டரும் அவர் மனைவியும். எழுதப் படிக்கத் தெரியாதவர் ஒருத்தர்கூட இல்லை. பாவம், அவர்களுக்கு ஏமாற வெளிநாட்டில் வீடு ஏது?

சாமியின் மகிமை இதுதான். வீட்டுப் பத்திரத்தை உறையில் போட்டு ஒட்டிக் கொடுக்க வேண்டும். சாமி அதன்மேல் தீர்த்தம் தெளித்துத் தராசில் நிறுப்பார். பிறகு இஸ்திரிப் பெட்டியால் நாலு இழுப்பு இழுத்து மறுபடி நிறுப்பார். எடை குறைந்திருக்கும். குறைந்த எடைதான் வரி. அது ஆவியாகப் போய்விட்டது. வரி அலுவலகத்துக்குத்தான் இன்னும் தகவல் போய்ச் சேரவில்லை.

வரிசையின் நடுவில் தையல்காரியும் அவள் கணவரும் நின்றார்கள். அவர் கையில் உறை, அவள் பையில் அவள் ஏற்கெனவே கையெழுத்திட்ட ஒரு படிவம். விற்கப்போகும் வீட்டில் ஒன்பது வருடம் குடியிருந்தவர்கள் அவர்கள். படிவத்தில் இருவரும் கையெழுத்திட்டு, அதற்கான சான்றோடு வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பினால் வரி கிடையாது. இல்லாவிட்டால் விலையில் கால் பங்கைப் பிடித்துக்கொள்வார்கள் என்று அந்த ஊர் வக்கீல் மூன்று முறை எழுதிவிட்டார். அந்தக் கால் பங்கில்தான் அவள் சொந்தமாக ஒரு கடை வாங்க நினைத்திருந்தாள். அங்கேயும் இங்கேயுமாக வாழ்நாளெல்லாம் வாடகை மூலையில் மிஷினை மிதித்துக் கால் வீங்கியவள். இன்று புதன்கிழமை.

"ஏங்க, இந்த ஃபாரத்துல ஒரு கையெழுத்துப் போட்டுடுங்களேன்."

"சும்மா இரும்மா. ஃபாரத்துல கை வச்சா, போன வரி திரும்ப வந்து ஒட்டிக்கும்னு சாமி சொல்லியிருக்கார்."

எஞ்சினியரின் உறை எழுபது கிராமிலிருந்து அறுபத்திரண்டுக்கு இறங்கியது. பாலம் கட்டிய மனிதர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்தது இவர்கள் முறை. சாமி உறையை நெற்றியில் வைத்துக் கண்ணை மூடினார்.

"மூணு படுக்கையறை. குளியலறையில குழாய் ஒழுகுது. வரி சமையலறையில உட்கார்ந்திருக்கு."

"குழாய் ஒழுகினது நிஜம்" என்று கணவர் உருகினார். எந்த வீட்டில்தான் ஒழுகவில்லை?

சாமி தீர்த்தப் புட்டியை எடுத்தார். தையல்காரி துணி தேய்க்கத் தண்ணீர் அடிக்கும் அதே மாதிரிப் புட்டி.

"சாமி, தெளிக்கிறதுக்கு முன்னாடி ஒருதரம் எடை போட்டுடலாமா?"

"காய்ஞ்ச காகிதத்துல வரி தூங்கிட்டிருக்கும்மா. எழுப்பினாத்தான் எடை தெரியும்."

"தூங்கினா எடை குறையுமா சாமி? இவரும் தினம் தூங்குறார், ஒரு கிராம்கூடக் குறையலையே."

வரிசையில் சிரிப்பு எழுந்தது. எஞ்சினியருக்கு என்றோ படித்த பாடம் ஏதோ உறுத்தியிருக்க வேண்டும். "நிறுத்துத்தான் பாருங்களேன்" என்றார்.

வேறு வழியில்லை. நிறுத்தார்கள். நாற்பது. தீர்த்தம் தெளித்தபின் நாற்பத்தெட்டு. தேய்த்தபின் மறுபடி நாற்பது.

"அப்ப அந்த எட்டு கிராமை ஏத்தினது அரசாங்கம் இல்ல. நீங்க" என்றாள் தையல்காரி.

"நம்பாதவங்க பத்திரம் இப்படித்தான் அடம்பிடிக்கும்" என்றார் சாமி.

"பத்திரமா?" தையல்காரி உறையைக் கிழித்தாள். போன வாரம் நாத்தனாருக்குத் துணையாக வந்தபோதே அவளுக்குச் சந்தேகம் தட்டியிருந்தது. நேற்று உறையை ஒட்டியதும் அவள்தான். உள்ளிருந்து வெட்டிய காகிதங்கள் விழுந்தன.

"இது சட்டை வெட்டுறதுக்கு நான் வச்சிருக்கிற அளவுக் காகிதம். இது காலர், இது கை, இது பாக்கெட். இதுல எது சாமி சமையலறை?"

சாமி பதில் தேடிய அவசரத்தில், இஸ்திரிப் பெட்டியை, அடுத்ததாக மேசைக்கு வந்திருந்த பல் டாக்டரின் உறைமேல் வைத்துவிட்டார். புகை கிளம்பியது.

"ஏங்க, நம்ம வரி ரொம்பப் பலமாப் போகுதுங்க" என்றாள் டாக்டரின் மனைவி, பூரிப்போடு.

டாக்டர் பாய்ந்து அணைத்தபோது பத்திரத்தில் பாதி மிச்சமிருந்தது. சாமி பின்வாசல் வழியாகப் போயிருந்தார்.

படிக்கட்டில் கணவர் அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்: "பேனா இருக்கா?"

"ரெண்டு வாரமா கையில வச்சுக்கிட்டுத்தான் நிக்கிறேன்."

சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். அவளுக்குக் கோபம் தீரவில்லை. ஆனாலும் கடை பிழைத்தது. அன்று மதியமே படிவம் கூரியரில் போனது.

அவர்கள் இறங்கும்போது கீழே ஒருவர் புது உறையோடு மூச்சிரைக்க வந்தார். "டோக்கன் இன்னும் குடுக்கிறாங்களா?"

ஐயா, பத்திரத்தைத் தாராளமாக உறையில் போட்டு ஒட்டுங்கள். மூளையை மட்டும் வெளியே வைத்துக்கொள்ளுங்கள்.