முகர்ந்து வழங்கிய முதல் பரிசு

மூக்கைக் கொண்டே நிர்வாகம் நடத்தும் ஒரே அலுவலகம் இந்தப் பூமியில் எங்கள் ஊரில்தான் இருக்கிறது என்பதை நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிக்கொள்கிறேன். மற்றவர்கள் தராசையும் அளவுகோலையும் நம்பி வீணாய்ப் போய்க்கொண்டிருக்க, எங்கள் நறுமணப் பயிர் அலுவலகம் துணிந்து முகர்ந்தது.

எங்கள் ஊரே புதினா போடுகிறது. சமைக்க அல்ல, எண்ணெய் எடுக்க. அறுத்த தழையை வாடவிட்டு, இரும்புத் தொட்டியில் திணித்து, மூடி, அடியிலிருந்து ஆவி விடுவோம். அது குழாய் வழியே போய்க் குளிர்ந்து கேனில் வடியும். தண்ணீருக்கு மேல் எண்ணெய் மிதக்கும். ஆனால் அலுவலகத்தின் 'தொட்டித் தகுதிச் சான்று' இல்லாத எண்ணெயை வியாபாரி தொடமாட்டார்.

என் தங்கையின் தொட்டியைப் பார்க்க அதிகாரி வந்தார். விவசாயிகள் சங்கத் தலைவர் என்ற முறையில் நானும் பக்கத்தில் நின்று, மிகுந்த பொறுப்புணர்வோடு தலையாட்டினேன். சோதனைக்காக அவள் ஒரு கட்டுத் தழை மட்டும் போட்டிருந்தாள். பருவத்தின் மொத்த அறுப்பும் வயலில் வாடிக் கிடந்தது. மேற்கே மேகம் கறுத்துக்கொண்டிருந்தது.

அதிகாரி தொட்டியைச் சுற்றி வந்து, கண்ணை மூடி, மூச்சை இழுத்தார்.

"ஒண்ணும் வரலையேம்மா. மத்தவங்க தொட்டி எல்லாம் தெருமுனை வரைக்கும் மணக்குது. உன்னுது செத்த மாதிரி கிடக்கு."

"அவங்க மூடி ஒழுகுது சார். என்னுது ஒழுகலை. எண்ணெய் பூரா கேன்ல விழுது, பாருங்க."

"கேனைப் பார்க்கிறது என் வேலை இல்லை. 'நறுமணம் உணரப்பட வேண்டும்'னு சுற்றறிக்கையில இருக்கு."

"யாரால?"

"என்னால."

"சரி, கேனையே மோந்து பாருங்க."

"கேனை மோந்தா கேனுக்குத்தான் சான்று தர முடியும். தொட்டிக்கு எப்படித் தர்றது?"

அந்த வாதத்தின் அழகில் நான் சொக்கிப்போனேன். "ஏம்மா, மூடியைக் கொஞ்சம் தளர்த்திவிட்டா என்ன குறைஞ்சுபோச்சு? ஆசையா கேட்கிறார்" என்றேன்.

"ஏண்ணா, அண்ணி சமைக்கிறது தெருவெல்லாம் மணந்து, உன் தட்டு மட்டும் காலியா வந்தா உனக்குச் சம்மதமா?"

"ஒரு தடவை மணந்தா அது விபத்து" என்று அதிகாரி நாற்காலியை இழுத்துப் போட்டார். "நாள் பூரா மணக்கணும். அதுதான் தரம்."

தங்கை வானத்தைப் பார்த்தாள். தழை நனைந்தால் அழுகும். மறுநாள் வியாபாரியின் வண்டி வந்து போய்விட்டால், பிறகு அடுத்த பருவம்தான். பல்லைக் கடித்துக்கொண்டு, மூடிக்கு அடியில் ஆவியை அடைத்துவைத்திருந்த ரப்பர் பட்டையை உருவினாள்.

என்ன சொல்வேன் அந்த மணத்தை. தபால்காரர் தபால் கொடுக்க மறந்து நின்றார். பல வருடச் சளிக்காரர்கள் முக்காலியோடு வந்து வேலியோரம் இடம் பிடித்தார்கள். முடிதிருத்துபவர் பாதித் தலையோடு ஒருவரை அப்படியே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அதிகாரி போன் போட்டுத் தன் மேலதிகாரியை வரவழைத்தார். அவரும் ஒரு நாற்காலி போட்டு மூச்சை இழுத்தார். மணம் குறையக் குறையத் தங்கை அடுத்த கட்டைத் திணிக்க, வயல் காலியாகும்வரை தொட்டியில் தழை வெந்தது. அன்று மாலையே சான்றும், முதல் பரிசுக் கேடயமும், என் கைதட்டலும் வழங்கப்பட்டன.

மறுநாள் மழையில் வியாபாரி வந்தார். கேனுக்குள் எட்டிப் பார்த்தார். தண்ணீர், அதன்மேல் சோப்புத் தண்ணீரில் தெரிவதுபோல் ஒரு மினுமினுப்பு.

"எண்ணெய் எங்கேம்மா?"

"முதல் தரச் சான்று இருக்கு" என்றார், காலையிலேயே வந்துவிட்டிருந்த அதிகாரி பெருமையாக.

"அதைப் பிழிஞ்சா வருமா சார்?" என்று கேட்டுவிட்டு வியாபாரி வண்டியில் ஏறினார்.

அதிகாரி அசரவில்லை. "கண்காட்சியில வைக்கணும்மா. உன் எண்ணெயில ஒரு பாட்டில் கொடு."

தங்கை அந்த ரப்பர் பட்டையை எடுத்து அவர் கையில் வைத்தாள். "நேத்து நாள் பூரா நீங்கதானே சார் எடுத்துக்கிட்டீங்க. தும்மிப் பாருங்க, ஏதாவது வரும்."

விளைச்சலை மூச்சுவிடாமல் விழுங்குகிற அலுவலகங்கள் எங்கும் உண்டு. எங்கள் அலுவலகம் அப்படிப்பட்டதல்ல. பட்டப்பகலில், நாற்காலி போட்டு, ஊரறிய மூச்சை இழுத்து இழுத்தே விழுங்கியது. ஏப்பத்துக்குப் பதிலாகக் கேடயமும் கொடுத்தது.