எங்கள் இலாகா சாயத்தண்ணீரைக் குறைத்த விதம்

காஞ்சிபுரம்,
12-6-71

மாகறலில் இருக்கும் மைத்துனர் முனிசாமி அவர்களுக்கு, தங்கை புருஷன் கோதண்டபாணி பணிவுடன் எழுதிக்கொண்டது. இங்கு நானும் ஜெயம்மாளும் சௌக்கியம். கல்யாணத்திலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை. அது தவிர சௌக்கியம்.

உங்கள் மகள் இந்திராணியின் முகூர்த்தச் சேலை ஓமச் சூட்டிலும் வியர்வையிலும் சாயம் ஒழுகி, தாலி கட்டுவதற்குள் பக்கத்தில் இருந்த மாப்பிள்ளையின் வெள்ளை வேட்டியை அரக்கு நிறமாக்கிவிட்டது. அதற்கு நீங்கள் என்னைத் திட்டியது முழுவதும் நியாயம். ஆனால் குற்றம் என்னுடையது அல்ல. எங்கள் கைத்தறி இலாகா திருந்த நினைத்ததால் வந்த வினை.

ஆபீசுக்குப் பின்னால் இலாகாவின் சாயப்பட்டறை இருக்கிறதல்லவா? மாசியில் புதிதாக வந்த அதிகாரி தேவசகாயம் நல்ல மனுஷர்; அதுதான் தொல்லை. தெருவில் சாயத்தண்ணீர் விடுகிறவர்களுக்கு நோட்டீஸ் கொடுக்க என்னையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டார். முதல் வீடு, வீட்டிலேயே நூலுக்குச் சாயம் போடும் ரேணுகாம்பாளுடையது. நோட்டீசை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, "எங்க தண்ணி ரெண்டு குடம்பா. உங்க ஆபீசுத் தண்ணிதான் தெரு பூரா ஓடிக்கினு இருக்குது. மொதல்ல அத்த நிறுத்திட்டு வா" என்றாள். அதிகாரியை அவள் 'வா' என்றது எனக்குக் கொஞ்சம் இனித்தது. அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. திரும்பியதும், இலாகாவின் தண்ணீர் உடனே குறைய வேண்டும் என்று உத்தரவு போட்டார். கொல்லையில் குழி வெட்டி அதில் தண்ணீரை விட்டோம். மண் இளகலாக இருக்கிறதென்று கிணற்றோரமாக வெட்டியதால் மறுவாரம் ஆபீஸ் டீ ரோஸ் நிறத்தில் வந்தது. முருங்கைக்குப் பாய்ச்சினோம், அது இலையெல்லாம் கொட்டிவிட்டு நின்றது. கடைசியில் அதிகாரியே வழி கண்டார். நூலைப் பலமுறை அலசுவதால்தானே இவ்வளவு தண்ணீர், ஒரே முறை அலசுங்கள் என்றார். சாக்கடை கண்ணாடி மாதிரி ஆயிற்று. மேலிடத்திலிருந்து ஒருவர் வந்து குனிந்து, அதில் தன் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாராட்டிப் போனார். தெருவுக்குப் போக வேண்டிய சாயமெல்லாம் நூலிலேயே உட்கார்ந்திருந்தது யாருக்கும் தோன்றவில்லை. அந்த நூலில் நெய்த முதல் சேலையைத்தான் உங்களுக்கு வாங்கிக் கொடுத்தேன்.

கல்யாணம் முடிந்ததும் அந்த வேட்டியைக் கொண்டுபோய் அதிகாரியின் மேஜைமேல் விரித்தேன். கறையை விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"சாக்கடை சுத்தமாத்தானே இருக்குது, கோதண்டபாணி?"

"இருக்குதுங்க. மாப்பிள்ளைதான் சுத்தமா இல்லீங்க."

வேறு சேலை வரும்வரை மருமகளை அழைத்துப் போவதில்லை என்று சம்பந்தியம்மாள் சொன்னதையும் எடுத்துச் சொன்னேன். மனுஷர் கண் கலங்கிவிட்டார். புதுச் சேலைக்கு உடனே ஏற்பாடு செய்தார். நூலை நானே பக்கத்தில் நின்று, தெளிந்த தண்ணீர் வரும்வரை அலச வைத்தேன். இன்றுதான் முடிந்தது, நாளை தறி ஏறும். ஆனிக்குள் சேலை வந்துவிடும் என்று சம்பந்தியம்மாளைச் சமாதானப்படுத்துங்கள்.

உங்கள் வீட்டாருக்கு என் வணக்கம். இந்திராணிக்கு ஆசீர்வாதம், அவள் வாழ்க்கையிலாவது சாயம் கெட்டியாக நிற்கட்டும்.

இப்படிக்கு,
கோதண்டபாணி

பி.கு.: அலசிய தண்ணீரைத் தெருவில் விடக் கூடாதென்று, அதிகாரி அதைப் பீப்பாய்களில் பிடித்து மாட்டுவண்டியில் ஊருக்கு வெளியே அனுப்பினார். வண்டிக்காரன் இப்போதுதான் திரும்பி வந்தான். மாகறல் பக்கம் ஒரு வயல் வாய்க்காலில் கொட்டினானாம். அடையாளம் கேட்டேன். இரட்டைப் பனை, பம்பு செட்டு, பக்கத்தில் உங்கள் களத்துமேடு. நாற்று அரக்கு நிறத்தில் வந்தால் ஜெயம்மாளுக்கு மட்டும் எழுத வேண்டாம்.