மடையில் உட்கார்ந்த சர்வே கல்

வாய் திறந்து ஒரு வார்த்தை கேட்க வெட்கப்படுகிறவளைப் பதவியில் உட்கார வைக்கக் கூடாது. என்னை வைத்தார்கள். தேனி தனி மாவட்டமான புதிதில் எங்கள் வார்டு பெண்களுக்கு என்று வந்துவிட்டது. ஐந்தாவது வரை படித்திருக்கிறாள், யாரையும் எதிர்த்துப் பேசமாட்டாள் என்று என்னைப் பிடித்து நிறுத்திவிட்டார்கள். (இரண்டாவதுதான் பெரிய தகுதி.)

மாவட்டம் வந்ததும் ஊரைச் சுற்றியிருந்த வயலெல்லாம் பிளாட் ஆகத் தொடங்கின. நெல் அறுத்த கையோடு கலர்க் கொடி பறக்கும். வாய்க்கால் பாசன வயல்களையாவது காப்பாற்றுவோம் என்று பேரூராட்சியில் கூட்டம் போட்டார்கள். நெல் வயல்களுக்கு எல்லை போடுவது, அதற்குள் வீட்டுமனைக்கு அனுமதி இல்லை, வாய்க்காலையும் செப்பனிட்டுத் தருவது என்று திட்டம். எல்லாரும் கை தூக்கினார்கள், கடைசி நாற்காலியில் இருந்த நானும் தூக்கினேன். எல்லையை எப்படிப் போடுவார்கள் என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்டால் அத்தனை ஆம்பளைகளும் திரும்பிப் பார்ப்பார்களே! விழுங்கிவிட்டேன்.

நடவு நாளில் வயலுக்குப் போனால், வரப்போரம் மூலைக்கொன்றாக நாலு புதுக் கற்கள்.

"பிளாட்காரன் கல்லு ஊனிட்டான்டி பேச்சி!" என்றேன். நடவு ஆட்களைக் கூட்டி வருகிறவள் பேச்சி.

"நீதானக்கா மெம்பரு. ஒரு வார்த்தை சொல்லு, புடுங்கிருவோம்."

"புடுங்குங்கடி!"

நான் பிறந்ததிலிருந்து போட்ட முதல் உத்தரவு அது. பிடுங்கியதில் மூன்று கல் கஞ்சி காய்ச்ச அடுப்பாயின. வடிவாக இருந்த ஒன்றைப் பேச்சி கொஞ்சம் தள்ளி மடைவாயில் நட்டு, மஞ்சள் பூசிப் பொட்டு வைத்தாள். கன்னிமாருக்குக் கல் வைத்துக் கும்பிடாமல் எங்கள் பெண்கள் நாற்றைத் தொடமாட்டார்கள். குலவை போட்டோம்.

குலவை அடங்கவில்லை, ஜீப் வந்து நின்றது. பேரூராட்சித் தலைவரும் ஓர் அதிகாரியும் சர்வேயரும் இறங்கினார்கள்.

"மெம்பரம்மா, ஐயா நம்ம எல்லைக் கல்லைப் பாக்க வந்திருக்காக. பாத்து எழுதிட்டாகன்னா நம்ம வயலு திட்டத்துல ஏறிரும். ஆமா, எங்க கல்லைக் காணோம்?" என்றார் தலைவர்.

(நம்ம கல்லா!)

குனிந்து நாற்று நட்டேன். நகராமல் ஒரே இடத்தில் நட்டுக்கொண்டே இருந்தேன். அந்த இடத்தில் பிற்பாடு கோழிக்குஞ்சுகூட நுழைய முடியவில்லை.

"கல் இல்லாம நான் எதைப் பாத்து எழுதுறது? திரும்ப அளந்து நடுறதுக்குள்ள மனைக்காரங்க அனுமதி வாங்கிடுவாங்க" என்றார் அதிகாரி.

ஊர் வயலை நானே தொலைத்துவிட்டேனே! "ஐயா..." என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

பேச்சிக்குத்தான் அந்தக் கஷ்டம் கிடையாதே. "அடுப்புல மூணு கெடக்கு சாமி! மெம்பரு சொல்லித்தான் புடுங்குனோம்!"

அதிகாரி என்னைப் பார்த்தார். "கல் நடுறதுக்குக் கை தூக்கினது நீங்கதானம்மா?"

தலையாட்டினேன்.

"புடுங்கச் சொன்னதும்?"

அதற்கும் ஆட்டினேன். மனுஷன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

கஞ்சிப் பானையை இறக்கி, சூடான கற்களைச் சாக்கில் சுற்றித் தூக்கி வந்து, பழைய குழிகளிலேயே நட்டார்கள். மடைக் கல் பாக்கி. சர்வேயர் அதில் கை வைக்கப் போனார்.

"தொட்டுராதீக! கன்னிமாரு வந்து ஒக்காந்தாச்சு!" என்று பெண்கள் மொத்தமாகக் கரையேறிவிட்டார்கள். சர்வேயர் அவசரமாகச் செருப்பைக் கழற்றினார்.

அதிகாரி நோட்டைப் பிரித்தார். "மடை இல்லாம ஏது வயலு? அதுவும் உள்ளயே இருக்கட்டும்" என்று எல்லையை மடைவரை இழுத்து எழுதிவிட்டார்.

இழுத்ததில் உள்ளே மாட்டியது மடையை ஒட்டிய என் கொழுந்தனார் வயல். பிளாட் போட்டு விற்பதற்காகவே, தலைவரிடம் கெஞ்சி அதை எல்லைக்கு வெளியே வைத்திருந்தாராம் அவர். (இதையும் நான் கூட்டத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை.)

இன்றும் அங்கே நெல்தான் விளைகிறது. வீட்டில் விசேஷம் என்று பந்தி போட்டால் அவர் ஆரம்பித்துவிடுவார்:

"மெம்பரானவக ரோடு போட்டாக, லைட்டு போட்டாக. எங்க மதினி மட்டுந்தான் கொழுந்தன் வயல்ல சாமியப் போட்டுட்டு வந்தாக!"

பந்தியே சிரிக்கும். நான் வாயைத் திறக்கமாட்டேன். அந்த வயல் சோற்றையே அவர் இலையில் இன்னும் ஒரு கரண்டி வைத்துவிட்டு அடுப்படிக்குள் போய்விடுவேன்.