கோல் உபயம்

சங்கரன்கோவிலில் கோமதி அம்மனுக்கு அடுத்தபடியாக எல்லா வீட்டுக்குள்ளும் குடியிருந்தவர் பேர்வெட்டி அண்ணாச்சிதான். எந்த வீட்டுச் சொம்பைத் திருப்பினாலும், எந்தப் போணியைக் கவிழ்த்தாலும், அவர் உளியால் வெட்டிய பேர் இருக்கும். பாத்திரக்கடை வாசல்தான் அவருக்குத் தொழில் நடக்கும் இடம். ஆனால் மனுஷன் முழுசாக உட்கார்ந்து நான் கண்டதில்லை. ஒரு முழங்கால் தரையில் ஊன்றியிருக்கும். மற்றக் கால் ஓட்டப்பந்தயக்காரன் கால்மாதிரி பின்னால் நீண்டு துடித்துக்கொண்டிருக்கும்.

காரணம் புட்பால். சுதந்திரம் வந்த புதிது. பாளையங்கோட்டையிலும் மதுரையிலும் காலேஜில் படித்த நாங்கள் கோடை லீவுக்கு ஊர் வந்தால், வற்றிக் கிடக்கும் குளத்துக்குள் இரண்டு கட்சியாகப் பிரிந்து ஆடுவோம். கூச்சல் பஜார்வரைக்கும் போகும். அண்ணாச்சியின் கை இங்கே வெட்டும், காது அங்கே ஓடும்.

ஒருநாள் கல்யாணக் குடத்தில் 'கோமதி' என்று பெண்ணின் பேரை வெட்டிக்கொண்டிருந்தார். 'கோ' முடிந்த நேரம் பார்த்துக் குளத்தில் ஒரே ஆரவாரம். அடுத்த எழுத்து தானாக விழுந்துவிட்டது. குடத்தில் 'கோல்' என்று இருந்தது.

பெண்ணின் அப்பா கடைவாசலில் வந்து குதித்தார். "என்னவே இது? எம் மக பேரு கோலா?"

"மொத எழுத்து சரியாத்தான இருக்கு?" என்றார் அண்ணாச்சி.

"மிச்சத்த மாப்பிள்ள வீட்டுல வந்து நீரு வாசிச்சுக் காட்டுவீரா?"

கடை முதலாளி வேறு குடம் கொடுத்து அவரைச் சமாதானப்படுத்தினார். கெட்டுப்போன குடம் அண்ணாச்சி தலையில் விழுந்தது. அவரோ புதையல் கிடைத்தவர்போல அதைத் தூக்கிக்கொண்டு குளத்துக்குள் ஓடிவந்தார். "ஏலே மக்கா! வருசா வருசம் நல்லா ஆடுதவனுக்கு இந்தக் குடம். பேர நானே வெட்டுதேன்!"

எங்கள் வருஷாந்தர விருது அப்படித்தான் பிறந்தது. யார் நன்றாக ஆடினான் என்று தீர்ப்புச் சொல்வதும் அவரே. முதல் வருஷம், பந்தைவிட வேகமாக ஓடி, பந்தைப் பின்னால் விட்டுவிட்டுப் போனவனுக்குக் கொடுத்தார். கேட்டால், "பந்து கூட வராட்டி அவன் என்னல செய்வான்?" அடுத்த வருஷம், கோலுக்குள் போக இருந்த பந்தை விலாவால் தடுத்த ஒரு வெள்ளாட்டுக்குத்தான் என்று நின்றார். ஆட்டுக்குப் பேரே கிடையாது என்று மேய்க்கிறவர் வந்து சாட்சி சொன்ன பிறகுதான், மனசில்லாமல் ஒரு மனுஷனுக்குக் கொடுத்தார்.

மூன்றாம் வருஷம்தான் வினை வந்தது. சென்டர் பார்வர்டு முருகையாவுக்குக் குடம் கிடைத்தே ஆகவேண்டும். அவன் அப்பா கோயில் ஆபீஸில் கிளார்க். "பந்த ஒதைச்சு என்னத்தக் கண்ட? எங்கனயாவது ஒம் பேரு வந்திருக்கா? இந்த வருசமும் வரலன்னா காலேஜ்ல பந்தத் தொடப்படாது" என்று முடிவாகச் சொல்லிவிட்டார். முருகையா பேய் பிடித்தவன்போல ஆடினான். அன்று விழுந்த கோல் அத்தனையும் அவன் போட்டது. அப்பாவும் குடை பிடித்துக் கரையில் நின்று பார்த்தார்.

ஆட்டம் முடிந்ததும் அண்ணாச்சி குடத்தைத் தலைக்குமேல் தூக்கினார். "இந்த வருசக் குடம் நம்ம சுடலைமுத்துக்கு!"

சுடலைமுத்து எதிர்க்கட்சி கோல்கீப்பர். அத்தனை கோலையும் உள்ளே விட்டவன். அவனே பதறிப்போனான். "அண்ணாச்சி, நான் கோல் வாங்கினவன்!"

"அதாம்ல சொல்லுதேன். கடையில யார் பேர வெட்டுதோம்? வாங்கினவன் பேரத்தான? குடத்துல கோல்னு இருக்கு. கோல் வாங்கினவன் நீ. பெறவு என்ன?"

சொல்லும்போதே உளி ஓடி, பேரும் வெட்டியாகிவிட்டது. முருகையாவின் அப்பா குடையை மடக்கினார். "பாத்தியாலே? கோல விட்டவனுக்குக்கூடப் பேரு இருக்கு. ஒனக்கு இல்ல. நட வீட்டுக்கு. இன்னையோட பந்து முடிஞ்சுது."

முருகையா வேர்வையில் ஒட்டிக்கிடந்த பனியனைக் கழற்றிக் கீழே போட்டான்.

அண்ணாச்சிக்கு அப்போதுதான் உறைத்தது. குடத்தைச் சுற்றி ஓடினார். தலையைச் சொறிந்தார். கோயில் கோபுரத்தைப் பார்த்தார். "ஒரு நிமிசம் சார்!" என்று கத்திக்கொண்டு குடத்தின்மேல் பாய்ந்து டொக் டொக்கென்று வெட்டினார். பொடியை ஊதிவிட்டு அப்பாவின் முகத்துக்கு நேரே நீட்டினார். "வாசிங்க."

அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வாசித்தார். "கோல் வாங்கியவர் சுடலைமுத்து. உபயம் முருகையா."

கோயிலுக்கு விளக்கு கொடுத்தாலும் மணி கொடுத்தாலும், கொடுத்தவர் பேருக்கு முன்னால் வெட்டுகிற சொல் 'உபயம்'. திருவிழாவில் எந்த நாள் யார் உபயம் என்று பார்ப்பதுதான் முருகையாவின் அப்பாவுக்கு ஆபீஸில் வேலையே. அந்தச் சொல்லைக் கண்டதும் மனுஷன் செருப்பைக் கழற்றிவிட்டார்.

"உபயம்னா..." என்று இழுத்தார். "வருசா வருசம் நடத்தணும்லா?"

"நிறுத்தினா குடும்பத்துக்கு ஆகாது சார்."

அப்பா குடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு மகன் பக்கம் திரும்பி, "பனியன எடுத்துப் போடுலே, காத்தடிக்கி" என்றார்.

லீவு முடிந்து நாங்கள் ரயிலேறிய அன்று ஸ்டேஷனுக்கு வந்த பெற்றோர் எல்லாரும் படிப்பைப் பற்றியே பேசினார்கள். அண்ணாச்சிமட்டும் ஜன்னல் ஜன்னலாக ஓடி, "காலப் பாத்துக்கிடுங்க மக்கா, காலு பத்திரம்" என்று சொல்லிக்கொண்டு வந்தார். நான் ரிசர்வ் ஆட்டக்காரன். மற்றவர்களின் துண்டுக்குக் காவலிருந்ததைத் தவிர ஒரு லீவிலும் களத்தில் கால் வைத்ததில்லை. என் ஜன்னலுக்கு வந்ததும் அவர் எம்பி, உள்ளே குனிந்து, என் காலையும் ஒரு பார்வை பார்த்தார்.

"ஒனக்குந்தாம்ல" என்றார்.